ஒரு புதன்கிழமையின் கோடுகள்

இலண்டனில் உள்ள விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் ஒரு சிறிய வரைகுறிப்பேடு பாதுகாக்கப்பட்டு வருகிறது. ஏறத்தாழ 11 செ.மீ. அகலமும் 8 செ.மீ. உயரமும் கொண்ட அந்த ஏடு, சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வயல்வரப்பில் நடந்து போகத் தோதானது. அதன் ஒரு பக்கத்தில், ஆற்றங்கரையில் கட்டப்பட்டுக்கொண்டிருக்கும் சரக்குப் படகொன்றின் பென்சில் சித்திரம் இருக்கிறது. வரையப்பட்ட நாள் 1814 செப்டம்பர் 7, புதன்கிழமை. வரைந்தவர் ஜான் கான்ஸ்டபிள். பெயரைக் கேட்டதும் நமக்குக் காவல் நிலையம் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியாதுதான். ஆனால் ஆங்கில நிலக்காட்சி ஓவியத்தின் போக்கையே திருப்பிவிட்ட இருவரில் ஒருவர் அவர். மற்றவர் டர்னர்.

கான்ஸ்டபிளை நாம் பெரும்பாலும் நாட்காட்டிகளிலும் பிஸ்கட் டப்பாக்களின் மூடியிலும் சந்தித்திருப்போம். வைக்கோல் வண்டி ஆற்றைக் கடக்கும் அந்தப் புகழ்பெற்ற ஓவியம் அவ்வளவு தூரம் பழகிப்போய்விட்டது. பழகிப்போன ஓவியரைப் புதிதாய்ப் பார்க்க வேண்டுமானால், அவர் யாருக்கும் காட்டுவதற்காக வரையாத பக்கங்களுக்குப் போவதே நல்ல வழி. இந்தக் கட்டுரையில் நாம் பார்க்கவிருப்பது அந்த ஒரே ஒரு பக்கத்தை மட்டும்தான். அவசரமாக வரையப்பட்ட ஒரு பென்சில் சித்திரத்தை நாம் ஏன் நிதானமாகப் பார்க்க வேண்டும் என்ற கேள்விக்கு அந்தப் பக்கத்தைவிட நல்ல விடை கிடைப்பது அரிது.

*

முதலில் கருவியைப் பற்றிச் சில வார்த்தைகள். இங்கிலாந்தின் வடமேற்கில் பாரோடேல் என்ற பள்ளத்தாக்கு இருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டில் அங்கே மிகத் தூய்மையான ஒரு கரும்பொருள் வெட்டியெடுக்கப்பட்டது. ஆடுகளுக்கு அடையாளமிட அதை மேய்ப்பர்கள் பயன்படுத்தினார்கள். ஈயத்தின் ஒரு வகை என்று எண்ணியதால் அதற்குக் கறுப்பு ஈயம் என்று பெயர் வந்தது. அது கார்பனின் ஒரு வடிவமே என்பதை ஸ்வீடன் வேதியியலாளர் ஷீலே 1779-இல் காட்டினார். 1789-இல் ஜெர்மானியரான வெர்னர் அதற்குக் கிராஃபைட் என்று பெயரிட்டார். ஆங்கிலத்தில் இன்றும் ‘ஈயப் பென்சில்’ என்ற பிழையான வழக்கு நீடிக்கிறது. கரிக்கோல் என்று பெயர் வைத்த நம்மவர்கள் வேதியியலுக்கு அதிக விசுவாசமாக இருந்திருக்கிறார்கள்.

பிரான்சுடன் மூண்ட போரினால் ஆங்கிலக் கிராஃபைட் பிரெஞ்சுக்காரர்களுக்குக் கிடைக்காமல் போனது. கிராஃபைட் பொடியைக் களிமண்ணோடு பிசைந்து சுட்டு, வேண்டிய கடினத்தில் பென்சில் செய்யும் முறையை நிக்கோலா ழாக் கோந்தே கண்டுபிடித்து 1795-இல் காப்புரிமை பெற்றார். இன்று நாம் கையில் பிடிக்கும் பென்சில் அந்தப் போரின் குழந்தை எனலாம். அதற்குச் சற்று முன்பு, 1770-இல், பென்சில் கோட்டை ரப்பரால் அழிக்க முடியும் என்ற செய்தியை ஜோசஃப் ப்ரீஸ்ட்லி எழுதிவைத்தார். அதுவரை அழிப்பதற்கு ரொட்டித் துணுக்குதான்.

இந்த வரலாற்றை நினைவூட்டக் காரணம் உண்டு. மைக்கும் வண்ணத்துக்கும் ஏற்பாடுகள் வேண்டும். மை சிந்தும், வண்ணம் காயக் காத்திருக்க வேண்டும். பென்சிலுக்கு எதுவும் வேண்டாம். நின்றபடி, நடந்தபடி, படகில் அமர்ந்தபடி வரையலாம். அழுத்தினால் கருமை, தளர்த்தினால் சாம்பல், விட்டுவிட்டால் வெள்ளை. பார்ப்பதற்கும் பதிவதற்கும் இடையிலிருந்த தூரத்தை இந்தச் சிறு கோல் குறைத்துவிட்டது. ஓவியன் பட்டறையை விட்டு வெளியே வர, அது ஒரு சாவியைப் போல உதவியது.

*

அந்தப் புதன்கிழமை கான்ஸ்டபிள் நின்ற இடம் ஃப்ளாட்ஃபோர்ட். சஃபோக், எசெக்ஸ் என்ற இரு மாவட்டங்களுக்கும் எல்லையாக ஓடுகிறது ஸ்டூர் ஆறு. பெரிய ஆறு ஒன்றுமில்லை. காவிரியைப் பார்த்த கண்ணுக்கு அது ஒரு வாய்க்கால். ஆனால் 1705-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் வழியாக அதைச் சீர்ப்படுத்தி, மதகுகள் அமைத்து, சட்பரி என்ற ஊரிலிருந்து கடல்முகம் வரை சரக்குப் படகுகள் செல்லும் வழியாக மாற்றியிருந்தார்கள். இரண்டிரண்டாகப் பிணைத்த படகுகளைக் கரையோரப் பாதையில் நடக்கும் குதிரைகள் இழுத்துச் செல்லும். பாதை சில இடங்களில் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு மாறும். அங்கே குதிரையைப் படகில் ஏற்றி அக்கரை சேர்க்க வேண்டும். வேலிகள் குறுக்கிட்டால் குதிரை தாண்டிக் குதிக்க வேண்டும். கான்ஸ்டபிளின் பிற்காலப் பேரோவியங்களில் வரும் படகேறிய வெள்ளைக் குதிரையும் தாவும் குதிரையும் இப்படி வந்தவைதான். நமக்குக் கவித்துவமாகத் தோன்றும் அந்தக் காட்சிகள் அங்கே அன்றாடப் போக்குவரத்து.

ஃப்ளாட்ஃபோர்ட் ஆலை கான்ஸ்டபிளின் தந்தை கோல்டிங்குக்குச் சொந்தம். டெடம் ஆலையும் அவர் கையில் இருந்தது. தானியத்தை வாங்கி, நீராலைகளில் அரைத்து, மாவைத் தம் படகுகளிலேயே ஏற்றிக் கீழ்நோக்கி அனுப்புவார். அங்கிருந்து அது கப்பலில் இலண்டன் போகும். திரும்பும்போது நிலக்கரி வரும். படகுகளைக் கட்டவும் பழுதுபார்க்கவும் ஆலைக்கருகில் ஓர் உலர்துறை இருந்தது. அந்த உலர்துறையைத்தான் மகன் வரைந்தார்.

1776-இல் பிறந்த ஜான், தந்தையின் தொழிலில் சிறிது காலம் உழைத்துவிட்டு, 1799-இல் ஓவியம் பயில இலண்டனுக்குப் போனவர். ஆலைக்காரனின் மகன் என்பது அவர் கோடுகளில் கடைசிவரை இருந்தது. ஜான் வரைந்த ஆலையைப் பார்த்தால் அது நிச்சயம் சுற்றும் என்று தெரிகிறது, மற்ற ஓவியர்களின் ஆலைகளைப் பற்றி எப்போதும் அப்படிச் சொல்ல முடிவதில்லை என்று அவருடைய தம்பி ஏப்ரம் சொன்னதாக ஒரு குறிப்பு உண்டு. குடும்பத் தொழிலை ஏற்று நடத்திய தம்பியின் இந்தச் சொல்லைவிடத் துல்லியமான கலை விமர்சனத்தைக் கான்ஸ்டபிள் தம் வாழ்நாளில் பெற்றாரா என்பது ஐயமே.

*

சித்திரம் பிறந்த அந்த ஆண்டில் கான்ஸ்டபிளுக்கு முப்பத்தெட்டு வயது. ஓவியராகப் பெரிய பெயரில்லை. ராயல் அகாதெமியின் இணை உறுப்பினராவதற்கு ஆசைப்பட்டுக் காத்திருந்தார். அகாதெமியில் செல்வாக்கு மிக்கவரும் அவர்பால் பரிவுள்ளவருமான ஜோசஃப் ஃபாரிங்டனிடம் 1814 ஜூலையில் ஆலோசனை கேட்டார். ஃபாரிங்டன் எழுதிவைத்த நாட்குறிப்பின் வழியாக அந்த உரையாடல் நமக்குக் கிடைத்திருக்கிறது. கான்ஸ்டபிளின் படங்கள் முழுமையாக முடிக்கப்பட்டவையாக இல்லை, அவருடைய தேர்வுக்குத் தடையாக இருப்பது இந்தக் குறையே என்பது ஃபாரிங்டன் சொன்னதன் சாரம். ஊருக்குப் புறப்படுமுன் ஆங்கர்ஸ்டைன் என்ற செல்வந்தரின் சேகரிப்பிலுள்ள க்ளோத் லொரேனின் ஓவியங்களைப் பார்க்கும்படியும் அறிவுறுத்தினார். பதினேழாம் நூற்றாண்டு மேதையான க்ளோத், ஒவ்வொரு இலையையும் ஒளியையும் மெருகேற்றி முடித்தவர். அந்தச் சேகரிப்பே 1824-இல் இங்கிலாந்தின் தேசிய ஓவியக்கூடத்துக்கு அடித்தளமாயிற்று.

கான்ஸ்டபிள் அறிவுரையை ஏற்றார், க்ளோத்தைப் பார்த்தார், ஊருக்குப் போனார். சில வாரங்களில் வந்தது அந்தப் புதன்கிழமை. ‘முடிக்கத் தெரியாதவர்’ என்ற குற்றச்சாட்டைச் சுமந்துகொண்டு வந்த மனிதர், மீண்டும் அந்தச் சிறு குறிப்பேட்டைத்தான் எடுத்தார். பார்வைக்கு இது பிடிவாதமாகப் படலாம். ஆனால் அதற்குப் பின் நடந்தவற்றைப் பார்க்கும்போது, முடிப்பது என்றால் என்ன என்பதை அவர் வேறு இடத்திலிருந்து தொடங்கி யோசித்தார் என்றே தோன்றுகிறது.

*

இப்போது சித்திரத்துக்கு வருவோம்.

உலர்துறையில் கிடக்கும் படகு பக்கத்தின் நடுவை நிறைக்கிறது. சுற்றிலும் கரையும் மரங்களும், அப்பால் ஆறு. வேலை செய்யும் மனிதர்கள் சிறு உருவங்களாக இருக்கிறார்கள். ஏறத்தாழ ஒரு சீட்டுக்கட்டு அட்டையின் பரப்பில் இவ்வளவும் அடங்கியிருக்கிறது. இத்தகைய சித்திரத்தைப் புரட்டிப் போக ஒரு நொடி போதும். அப்படிப் புரட்டாமல் நிற்கும்போது சில விஷயங்கள் மெல்லத் தெரியத் தொடங்குகின்றன.

முதலாவது, வரிசை. எழுதி முடித்த கவிதையில் எந்தச் சொல் முதலில் வந்தது என்று நமக்குத் தெரிவதில்லை. பென்சில் சித்திரத்தில் அழுத்தத்தைக் கொண்டு ஓரளவு ஊகிக்கலாம். கை எங்கே உறுதியாக ஓடியது, எங்கே தயங்கியது, எங்கே திரும்ப வந்து கருமையாக்கியது என்பதெல்லாம் காகிதத்தில் அப்படியே நிற்கின்றன. படகின் வளைவைப் போன்ற ஒரு கோட்டைத் தயங்கித் தயங்கி வரைய முடியாது. தயங்கினால் அது படகாக மிதக்காது, மரத்துண்டுகளின் குவியலாகிவிடும். படகு எப்படிக் கட்டப்படுகிறது, எந்தப் பலகை எதைத் தாங்குகிறது என்று சிறுவயது முதல் பார்த்தவருக்கே அந்த வளைவு வசப்படும்.

இரண்டாவது, விடுபட்டவை. ஆற்றங்கரைக் காட்சியை வரையும் எந்தக் கோட்டோவியனும் ஒரு விசித்திரமான உண்மையைச் சந்தித்தாக வேண்டும். நீருக்குக் கோடு இல்லை. கரைக்கு விளிம்பு உண்டு, மரத்துக்கு உருவம் உண்டு, நீருக்கு எதுவும் இல்லை. பென்சிலில் நீர் என்பது வரையாமல் விடப்பட்ட காகிதமே. அந்த வெறுமையை நம் கண் நீர் என்று ஏற்பதற்கு, சுற்றிலுமுள்ளவை சரியான இடத்தில் நிற்க வேண்டும். கரையின் ஒரு கோடு பிசகினாலும் நீர் மறைந்து வெறும் காகிதம் வந்துவிடும். நல்ல சிறுகதையில் சொல்லப்படாத ஒன்றை நாம் உணர்வதும் ஏறக்குறைய இப்படித்தான் நிகழ்கிறது.

மூன்றாவதாக, வெவ்வேறு பொருள்களுக்கு வெவ்வேறு வேகம். இலைத்திரளைக் குறிக்கக் கை சரசரவென்று ஒரே சாய்வில் ஓடலாம். ஓர் இலையைக்கூட வரையாமல் மரத்தின் பாரத்தைச் சொல்லிவிடலாம். ஆனால் உலர்துறையின் கம்பங்களுக்கும் படகின் பக்கங்களுக்கும் அப்படிச் செய்ய இயலாது. அவை மனிதன் அளந்து செய்தவை. அவற்றுக்குக் கணக்கு உண்டு. வளர்ந்ததற்கும் கட்டப்பட்டதற்கும் உள்ள இந்த வேறுபாட்டைக் கோட்டின் வேகத்திலேயே சொல்வதுதான் விரைவுச் சித்திரத்தின் இலக்கணம்.

தமிழ் வாசகர்களாகிய நமக்குக் கோட்டோவியம் புதியதல்ல. ஆதிமூலத்தின் கோடுகள் வழியாகவே நம்மில் பலர் சிற்றிதழ்ப் பக்கங்களில் ஓவியத்தைப் பார்க்கக் கற்றோம். ஆனால் அந்த மைக்கோடுகள் அச்சுக்காக, பார்வையாளருக்காக முடிக்கப்பட்டவை. தம்மளவில் முழுமையான படைப்புகள். கான்ஸ்டபிளின் பக்கம் வேறு வகையானது. அதற்குப் பார்வையாளர் கிடையாது. ஒருவர் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டதை நாம் இருநூறு ஆண்டுகள் கழித்து ஒட்டுக்கேட்கிறோம். அதனால்தான் அதில் வீம்பு இல்லை. திறமையைக் காட்டும் கோடு என்று ஒன்றைக்கூடச் சுட்ட முடியாது.

*

சித்திரத்தோடு கதை முடிந்துவிடவில்லை. அந்த அமைப்பையே ஏறக்குறைய மாற்றமின்றி எடுத்துக்கொண்டு, கான்ஸ்டபிள் ஒரு கித்தான் திரையை அதே உலர்துறைக்கு எடுத்துச் சென்றார். ஏறத்தாழ 51 செ.மீ. உயரமும் 62 செ.மீ. அகலமும் கொண்ட தைலவண்ண ஓவியம் உருவாயிற்று. கண்காட்சிக்கான ஓவியத்தைப் பட்டறையில் முடிப்பதே அன்றைய வழக்கம். இந்த ஓவியம் முழுக்க முழுக்கத் திறந்த வெளியிலேயே வரையப்பட்டது என்று அவருடைய நண்பரும் வாழ்க்கை வரலாற்றாசிரியருமான லெஸ்லி பதிவு செய்திருக்கிறார். கான்ஸ்டபிளின் ஓவியங்களை அச்சுத்தகடுகளாக்கிய டேவிட் லூகாஸ் இன்னொரு செய்தியைத் தருகிறார். தொலைவில் ஒரு புகைபோக்கியிலிருந்து புகை எழும்பும். வேலையாட்கள் வீடு திரும்பும் நேரத்துக்கு இரவுணவு சமைக்க அடுப்பு மூட்டிவிட்டார்கள் என்று பொருள். ஓவியர் தூரிகையைக் கழுவ வேண்டிய நேரமும் அதுவே. படகு கட்டுபவனும் படகை வரைபவனும் ஒரே புகையைப் பார்த்து நாளை முடித்துக்கொண்டார்கள்.

ஃபாரிங்டன் கேட்ட முழுமை இந்த ஓவியத்தில் இருக்கிறது. சிதறிக் கிடக்கும் கருவிகள், பலகை இடுக்குகளை அடைப்பதற்காகக் கொப்பரையில் காயும் கீல், வெயிலின் அசைவின்மை எல்லாம் பொறுமையாகத் தீட்டப்பட்டிருக்கின்றன. 1815-இல் ராயல் அகாதெமியில் அது காட்சிக்கு வைக்கப்பட்டது. ஆனாலும் அதற்குள் நிற்கும் எலும்புக்கூடு அந்தச் சீட்டுக்கட்டு அளவுச் சித்திரம்தான். எங்கே நிற்பது, எதை நடுவில் வைப்பது, எதை விடுவது என்னும் முடிவுகள் எல்லாம் செப்டம்பர் 7 அன்றே எடுக்கப்பட்டுவிட்டன. கித்தானில் நடந்தது அந்த முடிவுகளுக்கு நேரம் கொடுத்தது மட்டுமே. முடிக்கத் தெரியாதவர் என்று சொல்லப்பட்ட மனிதர் முடிக்கக் கற்றபோது, விரைவுச் சித்திரத்தைக் கைவிட்டு அதைச் செய்யவில்லை. அதன் தோள்மேல் ஏறி நின்று செய்தார்.

அகாதெமியின் இதயம் அதனால் உடனே இளகிவிடவில்லை. 1814 நவம்பரில் நடந்த தேர்தலில் அவருக்கு ஒரு வாக்கும் விழவில்லை. இணை உறுப்பினராக 1819 வரை காத்திருக்க நேர்ந்தது.

*

இந்தக் காலத்துக் குறிப்பேடுகளுக்கு இன்னொரு முகமும் உண்டு. 1809 முதல் கான்ஸ்டபிள் மரியா பிக்னெல்லைக் காதலித்தார். மரியாவின் தாத்தா ஈஸ்ட் பெர்கோல்ட்டின் பாதிரியார், செல்வாக்கு உள்ளவர். வருமானம் நிச்சயமில்லாத ஓர் ஓவியனுக்குப் பேத்தியைக் கொடுக்க அவர் சம்மதிக்கவில்லை. சொத்துரிமை போய்விடும் என்ற அச்சத்தில் மரியாவின் குடும்பமும் இழுத்தடித்தது. இருவரும் ஏழு ஆண்டுகள் பெரும்பாலும் கடிதங்களிலேயே வாழ்ந்தார்கள். நாட்குறிப்பு எழுதுவது பற்றி மரியா ஒருமுறை பேசியிருந்தார். அதை நினைவுபடுத்தி, சென்ற கோடையில் தாம் உருவாக்கிய ஒரு சிறு நாட்குறிப்பு இருக்கிறது என்று கான்ஸ்டபிள் 1814-இல் அவருக்கு எழுதினார். நடைகளின்போது பொறுக்கிய செடிகள், மரங்கள், தொலைவுக் காட்சிகள் ஆகியவையே அதன் பதிவுகள். அவர் குறிப்பிட்டது 1813-ஆம் ஆண்டின் வரைகுறிப்பேட்டை. சொற்களில்லாத அந்த நாட்குறிப்பின் அடுத்த ஆண்டுத் தொடர்ச்சிதான் நாம் பார்த்துக்கொண்டிருக்கும் ஏடு.

அவசரக் கோடு என்று நாம் எளிதில் சொல்லிவிடுகிறோம். அவருடைய வாழ்வில் அவசரமாக நடந்தது அது ஒன்றுதான். திருமணத்துக்கு ஏழு ஆண்டுக் காத்திருப்பு, அங்கீகாரத்துக்கு அதைவிட நீண்ட காத்திருப்பு. 1816 மே மாதம் தந்தை இறந்தார். கிடைத்த பங்கு ஒரு குடும்பத்தை நடத்தப் போதுமானதாயிற்று. அதே ஆண்டு அக்டோபர் 2 அன்று கான்ஸ்டபிளும் மரியாவும் மணந்துகொண்டார்கள். காதல் கைகூடியபோது ஆறு கைநழுவத் தொடங்கியது. தொழில் தம்பியிடம் போயிற்று. 1817-க்குப் பிறகு கான்ஸ்டபிள் அந்தக் கரையில் நீண்ட நாட்கள் தங்கவே இல்லை.

இங்கேதான் குறிப்பேடுகளின் உண்மையான வேலை தொடங்குகிறது. 1819 முதல் 1825 வரை, ஆறடி அகலக் கித்தான்களில் அவர் வரைந்த ஸ்டூர் ஆற்று ஓவியங்களே அவரை வரலாற்றில் நிறுத்தின. அவை உருவான இடம் ஆற்றங்கரை அல்ல, இலண்டன். அந்த ஆறு இல்லாத நகரத்துப் பட்டறையில், பத்தாண்டு பழைய பென்சில் கோடுகளை விரித்துவைத்து ஓர் ஆற்றை அவர் மீட்டெடுத்தார். 1822-இல் காட்சிக்கு வைக்கப்பட்ட, டெடம் அருகே ஸ்டூர் ஆற்றைக் காட்டும் பேரோவியத்தின் வித்து இதே 1814 ஏட்டில் கிடக்கிறது. கையளவு பக்கம் ஆறடிக் கித்தானாக விரிந்தபோதும் கரைகள் தம் இடத்தில் நின்றன.

கோடுகள் கைவசம் இல்லாதபோது அவர் தடுமாறவும் செய்தார். 1821-இல் வைக்கோல் வண்டி ஓவியத்தை வரையும்போது வண்டியின் அமைப்பு சரியாக நினைவில் இல்லை. ஊருக்கு எழுதிக் கேட்டார். நண்பரின் மகனான இளைய டன்தார்ன் குளிரில் நின்று அத்தகைய வண்டியை வரைந்து கொடுக்க, தம்பி ஏப்ரம் அதை அனுப்பிவைத்தார். இன்று உலகமே அறிந்த அந்த வண்டிக்குப் பின்னால், ஒரு பிப்ரவரி மாதத்தில் விரல்கள் விறைத்த ஓர் இளைஞனின் விரைவுச் சித்திரம் இருக்கிறது. 1824-இல் பாரிஸ் கண்காட்சியில் அந்த ஓவியம் தங்கப் பதக்கம் பெற்றது.

*

இவ்வளவு பாராட்டியபின் ஒரு கேள்வியையும் எதிர்கொண்டாக வேண்டும். படகு கட்டும் அந்த மனிதர்கள் யார்? சித்திரத்தில் அவர்களுக்கு முகமில்லை. தைலவண்ண ஓவியத்திலும் அவர்கள் சிறு உருவங்களே. போருக்குப் பிந்தைய அந்த ஆண்டுகளில் கிழக்கு இங்கிலாந்தின் வேளாண் கூலிகள் கடுமையான வறுமையில் இருந்தார்கள். 1816-இலும் 1822-இலும் அங்கே கலவரங்கள் வெடித்தன. கான்ஸ்டபிளின் ஆற்றங்கரையில் அந்தக் கோபத்தின் நிழல் விழவில்லை. ஆங்கில நிலக்காட்சி ஓவியங்களில் உழைக்கும் ஏழைகள் எவ்வாறு தொலைவுக்குத் தள்ளப்பட்டார்கள் என்பதை ஆராய்ந்த ஜான் பேரல், 1980-இல் வெளியான தம் நூலில் கான்ஸ்டபிளையும் விசாரணைக்கு உட்படுத்தினார். உலர்துறையின் உரிமையாளரின் மகன் வரைந்த உலர்துறை இது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

அந்த விமர்சனம் நியாயமானது. கூடவே இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது. கண்காட்சிக்கான ஓவியத்தில் அமைதி ஒரு கருத்தாகிவிடுகிறது. ‘கிராமம் இப்படி இனிமையானது’ என்று அது வாதிடத் தொடங்குகிறது. பென்சில் சித்திரம் எதையும் வாதிடவில்லை. ஒரு புதன்கிழமை, பாதி கட்டிய படகு, வேலையில் இருக்கும் சிலர் என்பதோடு அது நின்றுகொள்கிறது. முடிந்த படகையோ விழாக்கோலத்தையோ வரையாமல், உழைப்பின் நடுவிலிருக்கும் ஒரு பொருளை நடுநாயகமாக வைத்ததே அந்தக் காலத்து நிலக்காட்சிக்குச் சிறிய மீறல்தான்.

*

மரியா 1828 நவம்பரில் காசநோயால் இறந்தார். சில வாரங்கள் கழித்து, 1829 பிப்ரவரியில், ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் கான்ஸ்டபிள் அகாதெமியின் முழு உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பகிர்ந்துகொள்ள ஆளில்லாத வேளையில் வந்த கௌரவம் அது. 1837-இல் அவரும் மறைந்தார்.

படகு கட்டும் தைலவண்ண ஓவியம் ஜான் ஷீப்ஷாங்க்ஸ் என்ற சேகரிப்பாளரின் கொடையாக 1857-இல் அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. குறிப்பேடு குடும்பத்தாரிடமே தங்கிவிட்டது. வண்ணமில்லாத, விலைபேச முடியாத அந்த ஏடுகளை மகள் இசபெல் காப்பாற்றி வைத்திருந்தார். 1888-இல் அவரது கொடையாக அவை அதே அருங்காட்சியகத்தை அடைந்தன. ஒரே கரையில் பிறந்த சித்திரமும் ஓவியமும் எழுபதாண்டுகளுக்கு மேல் கடந்து, இரு வேறு பாதைகளில் வந்து ஒரே கூரையின்கீழ் சேர்ந்தன. ரசனையும் மெல்ல மாறியது. முடிக்கப்படாதவை என்று ஒதுக்கப்பட்டவற்றையே இருபதாம் நூற்றாண்டு அதிகம் விரும்பியது. ஃபாரிங்டன் குறையென்று கண்டதைப் பின்வந்தவர்கள் உயிர்ப்பு என்று அழைத்தார்கள்.

ஆறும் மாறியது. இரயில் வந்தபின் படகுப் போக்குவரத்து தேய்ந்தது. முதல் உலகப்போர் தொடங்கியபோது, எஞ்சியிருந்த சரக்குப் படகுகளில் சில சட்பரி அருகே வேண்டுமென்றே மூழ்கடிக்கப்பட்டன. அவற்றில் ஒன்றை 1970களில் சேற்றிலிருந்து தூக்கியெடுத்துச் சீரமைத்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ஜான் கான்ஸ்டபிள். ஃப்ளாட்ஃபோர்ட் ஆலை இன்று மாவரைப்பதில்லை. 1940களிலிருந்து இயற்கையைக் கற்க வரும் மாணவர்களுக்கான இடமாக இருக்கிறது. தூர்ந்துபோன உலர்துறையையும் அகழ்ந்து மீட்டிருக்கிறார்கள்.

ஆகவே இன்று அந்தக் கரைக்குப் போகிறவர் உலர்துறையைப் பார்க்கலாம், ஆலையைப் பார்க்கலாம், ஆற்றையும் பார்க்கலாம். பாதி கட்டிய படகையும் அதைக் கட்டியவர்களையும் பார்க்க வேண்டுமென்றால் அந்தச் சிறிய பக்கத்துக்குத்தான் வந்தாக வேண்டும். அதை வரைய எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? புகைபோக்கியில் புகை எழும் முன்பே முடிந்திருக்கும். ஆனால் அந்தக் கை அவ்வளவு விரைவாக ஓடுவதற்கு, அதே கரையில் ஒரு சிறுவனாகத் தொடங்கி முப்பத்தெட்டு ஆண்டுகள் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. விரைவுச் சித்திரத்தை ரசிப்பது என்பது அந்த முப்பத்தெட்டு ஆண்டுகளுக்கும் நம் நேரத்தில் கொஞ்சம் கொடுப்பதுதான்.